வாரக் குறிப்புகள்: ஒலி பெருகியது, சொல் ஏன் காதில் விழவில்லை?

1. குடியாத்தம் ஒலியகம் (இழையைத் தொடங்கியவர்)

வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை இரவில் இந்த வாரத்து எண்ணங்களை எழுத உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு செய்தி: குடியாத்தத்தில் தனி ஆளாக மைக் செட் கடை நடத்துகிறேன். குழாய் ஸ்பீக்கர் கட்டுவதும், ஒயர் இழுப்பதும், ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பதும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் அருகே விடிய விடிய விழித்திருப்பதும், மறுநாள் கணக்கு எழுதுவதும் நான்தான். தொழில்நுட்பம், செய்தி, இசை என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுவது என் பழக்கம். இந்த வாரம் மூன்றும் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிட்டதால் ஒன்றாகவே எழுதுகிறேன்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டுக் கோபாலபுரம் வந்து சேரும் வரை ஊரே தெருவில்தான் நிற்கும் என்பது நம் பக்கத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்வலம் போகும் வழியில் ஓர் அன்னதானப் பந்தலுக்கு நான் ஒலிபெருக்கி அமைத்திருந்தேன். முற்பகலில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பந்தலுக்கு அழைத்து வந்தார்கள், தாயைக் காணவில்லை. குழந்தையின் பெயரையும் பாவாடை நிறத்தையும் மூன்று முறை மைக்கில் அறிவித்தார்கள். யாரும் வரவில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு பந்தலில், ஆள் உயரத்துக்கு அடுக்கிய, கீழ் ஒலியை முழக்கும் பாஸ் பாக்ஸ்களில் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. என் மேசையில் இருந்த எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது.

நான் எழுந்து போய் அந்தப் பந்தல் தம்பியிடம் இரண்டு நிமிடம் பாட்டை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன், உடனே நிறுத்தினார். திரும்பி வந்து என் மிக்சரில் எக்கோவை முழுதும் குறைத்து, பாஸ் திருகை இடது கோடிக்குத் தள்ளி, பாக்ஸ்களை அணைத்துவிட்டு, பந்தல் முகப்பில் கட்டியிருந்த ஒற்றைக் குழாயில் மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன். குழந்தையின் தாய் அழுதுகொண்டே ஓடி வந்தார். எங்கிருந்து வந்தார் தெரியுமா? எதிர்ச் சாரியில், ஐம்பது அடி தூரத்தில், அதே இடத்திலேயே நின்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார். முதல் மூன்று அறிவிப்புகளும் அவர் காதில் விழுந்திருக்கின்றன. ஏதோ அன்னதான அறிவிப்பு என்று எண்ணிவிட்டாராம். ஒலி போய்ச் சேர்ந்திருக்கிறது, சொல் போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன்.

இதன் காரணம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கைப்பழக்கத்தால் தெரியும். பேச்சில் உயிரெழுத்துகள் ஓசைக்குப் பலம் தருகின்றன. பொருளைப் பிரித்துக் காட்டுபவை மெய்யெழுத்துகள். வலி, வளி, வழி என்ற மூன்று சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, அந்த எழுத்து போனால் மூன்றும் ஒன்றே. மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் நொடிக்கு 2000 முதல் 4000 அதிர்வு வரையிலான பகுதியில் இருக்கிறது. அதன் பலமும் மிகக் குறைவு. கீழே நொடிக்கு ஐம்பது, அறுபது அதிர்வுகளில் பெரிய பாக்ஸ் முழங்கும்போது, அந்த முழக்கம் மேலே இருக்கும் நுண்ணிய ஒலிகளைக் காதுக்குள்ளேயே மூடிவிடுகிறது. பழைய குழாய் ஸ்பீக்கரில் கீழ் ஒலி அனேகமாக வராது. அதனால் பாட்டுக்கு அது ஏழை. ஆனால் மனிதக் குரலின் நடுப்பகுதி அதில் பளிச்சென்று வரும்.

இன்னொரு சிறிய எடுத்துக்காட்டு, தினமும் நாம் கேட்பது. யுபிஐ 2016இல் வந்தது. பிறகு கடைக்குக் கடை பணம் வந்ததைச் சொல்லும் சின்னப் பெட்டி வந்தது. பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில், ஹாரன் சத்தத்துக்கும் நடத்துநர்களின் கூவலுக்கும் நடுவில், உள்ளங்கையளவுப் பெட்டி "இருபது ரூபாய்" என்று சொல்வது பாய்லர் அருகில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. அதற்குள் இருக்கும் ஸ்பீக்கருக்குக் கீழ் ஒலி தரும் வல்லமையே கிடையாது. குரலுக்கு வேண்டிய பகுதியை மட்டும் தருகிறது, போதுமானதாக இருக்கிறது.

செய்திக்கு வருகிறேன். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பிக் கௌண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஆற்றங்கரைத் தெருக்களில் அறிவிப்புச் செய்ய ஓர் ஆட்டோவில் குழாயும் பேட்டரி ஆம்ப்ளிஃபயரும் கட்டிக்கொண்டு நானும் போனேன். மழையிலும் தண்ணீர் இரைச்சலிலும் பேச வேண்டியிருந்தது. "கரையோரம் குடியிருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போங்கள்" என்ற ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தில் ஒரு சொல் மழுங்கியிருந்தாலும் ஒரு வீட்டார் உள்ளேயே இருந்திருப்பார்கள். 2023இல் கைப்பேசிகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறையை நாடெங்கும் சோதித்தார்கள். எல்லோர் கைப்பேசியும் ஒன்றாக அலறியது நினைவிருக்கும். அது நல்ல ஏற்பாடு, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மின்சாரம் போய் இரண்டு நாளான தெருவில் கைப்பேசியும் அணைந்துவிடும். அங்கே ஒரு மனிதர் மைக் பிடித்துச் சொல்ல வேண்டிய தேவை இருந்துகொண்டேதான் இருக்கும்.

இனி இசை. எந்த விழாவுக்குப் போனாலும் கருவியைச் சரிபார்க்க நான் முதலில் போடும் பாட்டு ஒன்றே: 1975இல் வந்த அபூர்வ ராகங்கள் படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் இசையில் வாணி ஜெயராம் பாடிய "ஏழு ஸ்வரங்களுக்குள்". அவர் நம் வேலூரில் 1945 நவம்பர் 30 அன்று பிறந்தவர். மூன்று தேசிய விருதுகளில் முதலாவது இந்தப் பாட்டுக்குக் கிடைத்தது. 2023இல் பத்மபூஷண் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, பிப்ரவரி 4 அன்று, மறைந்துவிட்டார். நம் ஊர்ப் பெருமைக்காக மட்டும் நான் இதைப் போடுவதில்லை. முதல் சொல்லிலேயே ழகரம் இருக்கிறது. என் அமைப்பு சரியாக இருந்தால் அந்த "ஏழு" பந்தலின் கடைசித் தூணருகிலும் ஏழாகவே கேட்கும். பாஸ் அதிகமாக இருந்தால் "ஏலு" என்று கேட்கும். எக்கோ அதிகமாக இருந்தால் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மையார் ஒவ்வோர் எழுத்தையும் அத்தனை கவனமாக உச்சரித்துப் பாடியதை, என் கருவி கெடுத்துக் கொடுத்தால் அது என் குற்றம்.

இந்த ஆண்டு கடன் வாங்கி இரண்டு ஜோடிப் பெரிய பாஸ் பாக்ஸ் எடுப்பதாக இருந்தேன். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அந்தப் பணத்தில் நல்ல மைக் இரண்டும், சிறிய பாக்ஸ்கள் ஆறும் வாங்கலாம் என்று நினைக்கிறேன். தொழிலில் இருப்பவர்களும் கேட்பவர்களும் தங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

2. வாணியம்பாடி சவுண்ட்ஸ்

அண்ணா, குழந்தை தாயிடம் சேர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனால் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

கல்யாண வீட்டார் கடைக்கு வந்தால் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பாஸ் வைத்திருக்கிறீர்கள்?" என்பதுதான். மைக் என்ன ரகம் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பாஸ் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் தனி ஆள். எனக்கு மூன்று பையன்கள் வேலை செய்கிறார்கள், வண்டிக்கு மாதத் தவணை இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் சம்பாதித்தால்தான் ஆடியிலும் மார்கழியிலும் தாக்குப்பிடிக்க முடியும்.

இன்னொன்று. குழாயை நீங்கள் மிகவும் உயர்த்திப் பேசுகிறீர்கள். மின்கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டி, அதிகாலை முதல் வீட்டுச் சன்னலைப் பார்த்துப் பாடவிட்டதும் நம் தொழில்தானே? தெருவாசிகள் நம்மைத் திட்டத் தொடங்கியது பாஸ் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே. குழாயில் தெளிவு இருக்கிறது என்பதற்காக, கேட்க விரும்பாதவர் வீட்டுக்குள் அந்தத் தெளிவைக் கொண்டுபோய்க் கொட்டலாமா?

3. இரவுப்பணி

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். கடந்த ஆறு ஆண்டுகளில் பாதி நாட்கள் இரவுப் பணி. இந்த இழையில் என் தரப்பையும் சொல்ல அனுமதியுங்கள்.

இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்றும் இருக்கிறது. இவை நோயாளிகளைக் காக்கின்றன. அதற்கு நன்றியுடையவளாக இருக்கிறேன். ஆனால் எனக்கு இரவு என்பது காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. அந்த விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்றும் வரம்பு உண்டு. நேரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பகல் வரம்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

கதவையும் சன்னலையும் சாத்திவிட்டால் பாட்டின் சொற்கள் என் அறைக்குள் வருவதில்லை. பாஸ் மட்டும் வருகிறது. சுவரில் கை வைத்தால் தெரியும்; கட்டிலின் சட்டத்தில் தெரியும். என்ன பாட்டு என்று தெரியாமல், யார் வீட்டு விழா என்றும் தெரியாமல், "தும்... தும்" என்ற ஒன்றை மட்டும் மூன்று மணி நேரம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எப்படிப்பட்டது என்பதை வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு இரவில் போய் மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். வாணியம்பாடி அண்ணாவின் தவணைக் கவலையை நான் மதிக்கிறேன். என் தூக்கத்தையும் அந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

4. காட்பாடி இயற்பியல்

பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சகோதரி சொன்ன சுவர் அதிர்வுக்கு ஒரு விளக்கம் உண்டு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. நொடிக்கு 50 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர், அதாவது ஒரு சிறிய வீட்டின் அகலம். அத்தகைய அலை, பாக்ஸ் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் எல்லாப் பக்கமும் பரவும். மூலையில் வளைந்து திரும்பும். சாதாரணச் சுவரால் அதைப் பெரிதாகத் தடுக்க முடியாது. 3000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் பதினோரு சென்டிமீட்டர். அதைச் சுவரும் கதவும் மறித்துவிடும். ஆகவே பக்கத்துத் தெருவுக்குப் பாட்டில் சொல் போகாது, இடி மட்டும் போகும்.

குடியாத்தம் நண்பர் ஆறு சிறிய பாக்ஸ் வாங்க நினைப்பது சரியான திசை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. மேடையில் ஒரே பாக்ஸ் வைத்து 80 மீட்டர் தள்ளி இருப்பவருக்குக் கேட்க வைப்பதற்கும், அவருக்குப் பத்து மீட்டரில் ஒரு பாக்ஸ் வைப்பதற்கும் 18 டெசிபல் வேறுபாடு. அந்த 18 டெசிபலை ஆம்ப்ளிஃபயரின் பலத்தால் ஈடுகட்ட வேண்டுமானால் அறுபது மடங்குக்கு மேல் வாட் தேவை. அந்த அறுபது மடங்கையும் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் காதுதான் தாங்குகிறது. "ஆயிரம் வாட்" என்று விளம்பரப்படுத்துபவர்களுக்கும் ஒரு கணக்கு: வாட் இரட்டிப்பானால் கூடுவது மூன்றே டெசிபல். காதுக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பாக்ஸ்களைப் பிரித்து வைத்தால் ஒரு புதிய சிக்கல் வரும். 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு மேடைப் பாக்ஸின் ஒலி பத்தில் ஒரு நொடி தாமதமாக வருகிறது. அருகிலுள்ள பாக்ஸ் உடனே பேசிவிடுகிறது. ஒரே சொல் இரண்டு முறை காதில் விழும். பேச்சில் இருபதில் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி ஏற்பட்டால் தெளிவு கெடத் தொடங்கும். நீங்கள் பழைய கருவிகளிடம் காட்டும் பற்றை மதிக்கிறேன். இதற்கு மட்டும் டிஜிட்டல் மிக்சர்தான் மருந்து. தூரத்துப் பாக்ஸுக்குப் போகும் ஒலியை வேண்டிய அளவு தாமதப்படுத்த அதில் வழி உண்டு.

5. குடியாத்தம் ஒலியகம்

மூவருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்காக எழுதுகிறேன்.

வாணியம்பாடித் தம்பி, குழாயைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, மறுக்க மாட்டேன். நானே இளம் வயதில் ஒரு தெருவுக்கு எட்டுக் குழாய் கட்டியிருக்கிறேன். குழாயும் கம்பத்தில் உயரமாகக் கட்டினால் ஊரைப் பார்த்துப் பேசும்; தாழ்வாகக் கட்டி உட்புறம் சாய்த்தால் கூட்டத்தைப் பார்த்துப் பேசும். இதைச் செய்யக் கூடுதல் செலவு கிடையாது, ஏணியில் இரண்டு படி குறைவாக ஏறினால் போதும். வருமானத்தைப் பற்றி உங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களைவிடச் சுமை குறைந்தவன் நான்; அதனால்தான் இந்தச் சோதனையை நான் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். நட்டம் வந்தால் அதையும் இங்கே எழுதுகிறேன்.

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இத்தனை ஆண்டுகளில் மண்டபத்தின் பின்பக்கத் தெருவில் நின்று என் ஒலியை நான் கேட்டதே இல்லை. நேற்று ஒரு வரவேற்பில் மிக்சரை விட்டு இறங்கிப் பின்தெருவரை நடந்து போய்க் கேட்டேன். நீங்கள் எழுதியபடியே இருந்தது. திரும்பி வந்து, பாஸ் பாக்ஸுக்குப் போகும் அளவைப் பாதியாகக் குறைத்தேன். மண்டபத்துக்குள் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவரும் வந்து கேட்கவில்லை.

காட்பாடி சார், தாமதக் கணக்கைச் செய்து பார்த்துவிட்டேன். நண்பர் ஒருவரிடம் டிஜிட்டல் மிக்சர் இரண்டு நாளுக்கு இரவல் வாங்கினேன். எனக்கு அதில் இருந்த தயக்கம், நள்ளிரவில் பழுதானால் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்து சரிசெய்ய முடியாதே என்பதுதான். முன்பொரு முறை ஒரு நிறுவனத்தில் ஆம்ப்ளிஃபயர் வாங்கி, அது விழா நடுவில் நின்று, உதிரி கிடைக்காமல் நான்கு மாதம் மூலையில் கிடந்த அனுபவம் உண்டு. ஆனால் கடையின் பின்னால் உள்ள காலியிடத்தில் முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு பாக்ஸ் வைத்து, தாமதம் இல்லாமலும் தாமதம் வைத்தும் "ஏழு ஸ்வரங்களுக்குள்" போட்டுக் கேட்டபோது, என் தயக்கத்தில் பாதி போய்விட்டது. தாமதம் வைத்ததும் இரண்டாவது பாக்ஸ் ஒலிப்பதே தெரியவில்லை. பாட்டு தூரத்திலிருந்து வருவது போலவே இருந்தது, ஆனால் சொல் பக்கத்தில் கேட்டது.

6. பம்பைக்காரர் மகன், ஆற்காடு

வணக்கம் அண்ணா. என் அப்பாவும் தாத்தாவும் அம்மன் கோயில்களில் பம்பை அடித்தவர்கள். நான் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். எல்லோரும் கீழ் ஒலியைக் குற்றவாளியாக நிறுத்துவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பம்பை, உடுக்கை, சிலம்பு மூன்றும் சேர்ந்து அம்மனை அழைக்கும்போது ஒலி காதோடு நிற்காது, நெஞ்சுக் கூட்டுக்குள் இறங்கும். சாமி வருவதே அந்த அதிர்வில்தான் என்று அப்பா சொல்வார். இன்றைய பிள்ளைகள் பாஸ் கேட்பதும் அதே உடம்புப் பசிதான் என்று நினைக்கிறேன். எங்கள் குழுவில் கீழ் ஒலி இல்லாவிட்டால் பாட்டுக்கு நடையே இல்லை. அதைத் திருகி இடது கோடிக்குத் தள்ளுவது அறிவிப்புக்குப் பொருந்தும், இசைக்குப் பொருந்தாது. கெட்டது கீழ் ஒலி அல்ல. வாட்சாப்பில் பத்துக் கை மாறி நசுங்கி வந்த பாட்டுக் கோப்பைப் பெரிய பாக்ஸில் போடுவதுதான் கெடுதல். அதில் சகரமும் தகரமும் ஏற்கெனவே கரகரவென்று உடைந்திருக்கும். அதன் மேல் பாஸையும் ஏற்றினால் என்ன மிஞ்சும்?

7. குடியாத்தம் ஒலியகம்

தம்பி, கோப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இனிமேல் பாட்டுப் பட்டியலை மூன்று நாள் முன்னதாகக் கேட்டு வாங்கி, நல்ல பதிவை நானே தேடி வைத்துக்கொள்வேன். பம்பையைப் பற்றியும் உங்கள் சொல் சரியே. ஆனால் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். பம்பைக்காரர் கை ஓயும். சாமியை அழைக்கும் வரத்துப் பாட்டின் சொல் வரும் இடத்தில் அவர் குச்சியைத் தாழ்த்துவார், சொல் முடிந்ததும் ஏற்றுவார். உங்கள் அப்பாவும் அப்படித்தான் அடித்திருப்பார். நான் குறை சொல்வது தாழ்ந்து கொடுக்கத் தெரியாத பாஸை மட்டும்.

8. செய்யாறு கூத்து ரசிகர்

பழைய வட ஆர்க்காட்டுக்காரன் என்ற உரிமையில் நுழைகிறேன். எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடந்துகொண்டிருக்கிறது. பிற்பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. இந்த இழையில் பேசப்படும் எல்லாச் சிக்கலும் எங்கள் ஊரில் இருக்கிறது.

கூத்து ஒலிபெருக்கிக்காகப் பிறந்த கலை அன்று. சிறு ஊதுகருவியான முகவீணையின் கீச்சுக் குரல் வயல் தாண்டிக் கேட்கும்படி அமைந்தது. பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடுவதே ஒருமுறை விட்டவர் மறுமுறை பிடித்துக்கொள்ளத்தான். இப்போது மேலே இரண்டு மைக் தொங்கவிடுகிறார்கள். வேடக்காரர் மைக்கடியை விட்டு நகர்ந்து கிறுகி ஆடினால் வசனம் காணாமல் போகிறது. அதற்குப் பயந்து மைக்குக்குக் கீழேயே நின்று பேசுகிறார்கள், ஆட்டம் சுருங்கிவிட்டது. மைக்குக்குப் பக்கத்தில் இருக்கும் தாளமும் ஆர்மோனியமும் மட்டும் ஊரைத் தூக்குகின்றன. போதாததற்கு மைக் ஊளையிடும்.

விதியும் இருக்கிறது. விழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்தி அனுமதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. கூத்தோ பத்து மணிக்குத் தொடங்கி விடியலில் முடிவது. அண்ணா, உங்கள் சிறிய பாக்ஸ்களை எங்கள் ஊரில் சோதித்துப் பார்க்க வருவீர்களா? இன்னும் மூன்று இரவுகள் இருக்கின்றன.

9. குடியாத்தம் ஒலியகம்

வருகிறேன். ஒரு நிபந்தனை: சொற்பொழிவுக்கு ஒலிபெருக்கி உண்டு, இரவு பத்து மணிக்கு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுவேன். கூத்து வாத்தியாரும் ஊர்ப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டால் சொல்லுங்கள்.

10. குடியாத்தம் ஒலியகம்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். போய் வந்துவிட்டேன்.

சொற்பொழிவுக்கு நான்கு சிறிய பாக்ஸ்களைப் பந்தலின் இருபுறமும் தலை உயரத்தில் உட்புறம் பார்த்துக் கட்டி, பின்னிரண்டுக்கும் தாமதம் வைத்தேன். பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைப் பாடிப் பொருள் சொல்வார். முதலில் அவர் "சத்தம் போதவில்லையே" என்றுதான் சொன்னார். மேடையில் அவருக்குத் தன் குரல் திரும்பி வந்து இரைந்தால்தான் திருப்தி. பந்தலின் கடைசியில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவரை அழைத்துப் பிரசங்கியார் கேட்டார். அந்தப் பாட்டி அவர் கடைசியாகச் சொன்ன வரியை அவரிடமே திருப்பிச் சொன்னார். அதன் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இரவுக் கூத்துக்குப் பத்து மணிக்கு ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கை நடுங்கியது. ஊர் முழுதும் என்னைத் திட்டப்போகிறது என்று நினைத்தேன். ஒரு கால் மணி நேரம் சலசலப்பு இருந்தது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து, "காது கேளாதவர்கள் முன்னால் வாருங்கள், கேட்பவர்களும் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிட்டார். பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஜனங்கள் மூன்று பக்கமும் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள். வேடக்காரர் திரையை விட்டு வெளியே வந்ததும் களரி முழுக்கச் சுற்றி ஆடினார். அவரைப் பிடித்து வைக்க மைக் இல்லை.

ஆனால் யாரும் எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்தது. பதினொரு மணி வாக்கில் பாஞ்சாலி தாழ்ந்த குரலில் பேசும் இடத்தில் பின்வரிசைக்குச் சொல் எட்டவில்லை. காரணம் தேடினால், என் ஜெனரேட்டர்! விளக்குகளுக்காக முப்பது அடியில் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபயர் அதை மூடி மறைத்திருந்ததால், அது இரைகிறது என்பதையே நான் கவனித்ததில்லை. இளைஞர்கள் நான்கு பேர் கை கொடுக்க, அதைப் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோய், நூறு அடி ஒயர் சேர்த்து இழுத்தோம். மறுபடி வந்து உட்கார்ந்தபோது பின்பாட்டுக்காரர் மூச்சை இழுப்பதும் காலில் கட்டிய சலங்கையில் எந்தக் கால் முந்துகிறது என்பதும் கேட்டது. எத்தனையோ கூத்துகளுக்கு மைக் கட்டியிருக்கிறேன். வசனத்தை முழுதாகக் கேட்டது இதுதான் முதல் முறை.

11. வாணியம்பாடி சவுண்ட்ஸ்

அண்ணா, கணக்கையும் எழுதுவதாகச் சொன்னீர்களே.

12. குடியாத்தம் ஒலியகம்

எழுதுகிறேன் தம்பி. மூன்று நாளுக்கும் விளக்குக்கும் சொற்பொழிவுக்குமான வாடகை முழுதாக வந்தது. இரவுக்கான ஒலிபெருக்கி வாடகை இல்லை. அது எனக்குக் குறைவுதான். டீசல் பாதிதான் செலவாயிற்று. இரவில் மிக்சர் அருகே விழித்திருக்க வேண்டிய அவசியம் இல்லாததால் மறுநாள் கடையைக் காலையிலேயே திறந்தேன். கூட்டிக் கழித்தால் கையில் நின்றது வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவு. பக்கத்து ஊர்க்காரர்கள் இருவர் அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்கு மட்டும் வரும்படி எண் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கல்யாணங்களுக்கு உங்களிடம் இருக்கும் பாஸ் பாக்ஸைத் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா? நானாக வாங்கிக் கடன்படுவதைவிட அது இருவருக்கும் நல்லது என்று தோன்றுகிறது.

13. வாணியம்பாடி சவுண்ட்ஸ்

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு எனக்கே வேண்டும், அதைத் தவிர்த்து எந்த நாளும் சரி. பதிலுக்கு அந்தத் தாமதம் வைக்கும் முறையை எனக்கு ஒரு நாள் நேரில் காட்டுங்கள் அண்ணா. எங்கள் பக்கம் ஒரு மண்டபத்தில் பின்பக்கச் சுவரை ஒட்டி வீடுகள் இருக்கின்றன. செவிலியர் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன்.